வாசகர் கேள்வி பதில்: பாரீஸுக்கு எத்தனை மணி நேரம்?

வெளிநாட்டு விமானப் பயணத்தின் தொலைவையும் நேரத்தையும் பற்றிய கடிதங்கள் இம்முறை நிறைய வந்திருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: என் அக்கா பாரீஸுக்கு அருகே சார்செல் நகரில் குடும்பத்துடன் இருக்கிறார். அம்மாவையும் அப்பாவையும் டிசம்பர் மாதம் அங்கே அனுப்பி வைக்கிறோம். போகும்போது சென்னையில் அதிகாலை 4.00 மணிக்குப் புறப்பட்டு, துபாயில் மாறி, அன்று பகல் 1.00 மணிக்கே பாரீஸில் இறங்கிவிடுவதாக டிக்கெட்டில் போட்டிருக்கிறது. திரும்பும்போது பிற்பகல் 3.30க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 8.25க்குத்தான் சென்னைக்கு வருகிறார்கள். போக ஒன்பது மணி நேரம், வரப் பதினேழு மணி நேரமா? அப்பா மூட்டுவலிக்காரர் என்பதால் உண்மையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.
(புதுச்சேரி முத்தியால்பேட்டை வாசகி)

பதில்: டிக்கெட்டில் அச்சிடப்படும் நேரம் ஒவ்வொன்றும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். குளிர்காலத்தில் பாரீஸ் நம்மைவிட நான்கரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. ஆகவே உங்கள் பெற்றோர் அங்கே பகல் 1.00 மணிக்கு இறங்கும்போது முத்தியால்பேட்டையில் மாலை 5.30 ஆகியிருக்கும். அதிகாலை 4.00 முதல் மாலை 5.30 வரை பதின்மூன்றரை மணி நேரம். அதுதான் போகும் பயணத்தின் உண்மையான நீளம். திரும்பும்போது இதே நான்கரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். பாரீஸில் பிற்பகல் 3.30 என்றால் நமக்கு இரவு 8.00, அங்கிருந்து மறுநாள் காலை 8.25 வரை பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் ஆகிறது.

துபாய்க் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதையும் சேர்த்து, நீங்கள் அனுப்பியுள்ள டிக்கெட் நகலைப் பிரித்துப் பார்த்தோம். போகும்போது சென்னையிலிருந்து துபாய் வரை 4 மணி 10 நிமிடம், துபாயில் காத்திருப்பு 1 மணி 50 நிமிடம், அங்கிருந்து பாரீஸ் வரை ஏழரை மணி நேரம். திரும்பும்போது முறையே 6 மணி 45 நிமிடம், 1 மணி 45 நிமிடம், 3 மணி 55 நிமிடம். அப்பாவுக்குக் கடினமானது துபாயிலிருந்து பாரீஸ் வரையிலான ஏழரை மணி நேரம்தான் என்பதால், அந்தப் பகுதிக்காவது நடைபாதையை ஒட்டிய இருக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். சன்னலோரத்தில் உட்கார்ந்தால் எழுந்து நடக்கும்போதெல்லாம் இரண்டு பேரை எழுப்ப வேண்டியிருக்கும். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிட்டால், துபாயில் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு நடக்கும் தூரமும் அவருக்கு மிச்சமாகும்.

இந்த நான்கரை மணி நேர வித்தியாசம் ஆண்டு முழுவதும் அப்படியே இருப்பதில்லை. ஐரோப்பிய நாடுகளில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்து, அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பழையபடி பின்னே இழுக்கிறார்கள். இடைப்பட்ட மாதங்களில் வித்தியாசம் மூன்றரை மணி நேரம்தான். மே மாதத்தில் போகும் உறவினர் யாராவது உங்கள் கணக்கைக் கடன் வாங்கினால் ஒரு மணி நேரம் தவறிப்போவார்.

விமானத்துக்குள் இருக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால் போக 11 மணி 40 நிமிடமும் வர 10 மணி 40 நிமிடமும் ஆவதை நீங்கள் கவனித்திருக்கலாம். அந்த ஒரு மணி நேரம் கடிகாரத்தால் வந்ததன்று, காற்றால் வந்தது. தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், குறிப்பாகக் குளிர்காலத்தில், வட இந்தியா, ஈரான், அரபு நாடுகளின் வடபகுதி ஆகியவற்றின் மேலே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் என்னும் வலிய காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வேகம் மணிக்கு 160 கி.மீ. என்பது சாதாரணம், 300 கி.மீ.யைத் தாண்டும் நாள்களும் உண்டு. பயணப் பாதை முழுவதும் இந்தக் காற்று இருப்பதில்லை என்பதால், சராசரியாக மணிக்கு 50 கி.மீ. காற்று என்று மட்டும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் எதிர்காற்றில் 850 ஆகக் குறைந்து 8,000 கி.மீ.யைக் கடக்க ஏறத்தாழ ஒன்பது மணி இருபத்தைந்து நிமிடமாகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்போது எட்டு மணி இருபத்தைந்து நிமிடம் போதும்.

நம் தலைக்கு மேலேயே இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவின் மேலே காற்று திசைமாறிக் கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. வெப்பமண்டலக் கீழைக்காற்று ஜெட் எனப்படும் இதைப் பற்றி இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1958-இல் எழுதிய கட்டுரை உலக அளவில் அறியப்பட்டது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சென்னையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போகும் விமானங்களுக்கு இந்தக் காற்று கொஞ்சம் கைகொடுக்கும்.

கேள்வி: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியானால் மேற்கே போகும் விமானத்தை நோக்கிப் பாரீஸ் தானே நெருங்கி வர வேண்டும்? பயணம் குறைய வேண்டியதற்குப் பதிலாக ஏன் கூடுகிறது?
(சிதம்பரம், கல்லூரி மாணவர்)

பதில்: கடலூர் மாவட்டம் இருக்கும் அட்சரேகையில் பூமியின் தரை மணிக்கு ஏறத்தாழ 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. தரையோடு சேர்ந்து காற்றும், ஓடுதளத்தில் நிற்கும் விமானமும் அதே வேகத்தில் நகர்கின்றன. விமானம் காற்றில்தான் பறக்கிறது. காற்றைப் பூமி தன்னோடு அழைத்துச் செல்வதால் பாரீஸ் நெருங்கி வருவதும் இல்லை, விலகிப் போவதும் இல்லை. நீங்கள் எதிர்பார்ப்பது போல நடக்குமானால், ஹெலிகாப்டர் ஒன்று சிதம்பரத்தின் மேலே ஒரு மணி நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு இறங்கினால் அரபிக் கடலில் விழ வேண்டியிருக்கும். சுழற்சியின் பங்கு முற்றிலும் இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. மேலே சொன்ன ஜெட் காற்றோட்டம் கிழக்கு நோக்கித் திரும்புவதற்கே பூமியின் சுழற்சிதான் காரணம்.

கேள்வி: சென்னைக்கும் பாரீஸுக்கும் இடையே உள்ள தொலைவு ஓரிடத்தில் 8,020 என்றும், ஓரிடத்தில் 4,980 என்றும், இன்னோரிடத்தில் 4,330 என்றும் இருக்கிறது. எது சரி? வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அரபிக் கடல், சவூதி அரேபியா, மத்தியதரைக் கடல் வழியாகப் போகிறது. நான் நேரடி விமானத்தில் போனபோது முன் இருக்கைத் திரையில் விமானம் வடக்கே வளைந்து போவதைப் பார்த்தேன். எதற்காகச் சுற்றிப் போகிறார்கள்?
(மஞ்சக்குப்பம், ஓய்வுபெற்ற நில அளவையர்)

பதில்: மூன்றும் சரி. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது நாம் பழைய சாலைக் கற்களில் பார்த்த மைல், மூன்றாவது கப்பலிலும் விமானத்திலும் பயன்படும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

அடுத்த கேள்விக்குத் தங்கள் தொழிலே விடை சொல்லிவிடும். தாளில் போட்ட நேர்கோடு உருண்டையின் மேல் நேர்கோடு ஆகாது. பள்ளிக்கூடத்தில் இருக்கும் உலக உருண்டையை எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையைப் பாரீஸிலும் பிடித்து இறுக்கிப் பாருங்கள். நூல் சென்னையிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, கராச்சிக்குப் பக்கமாகச் சென்று, ஈரானைக் குறுக்கே கடந்து, காஸ்பியன் கடலின் தென்கரையைத் தொட்டு, கருங்கடலின் மேலே போய், தன்யூப் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே ஐரோப்பாவுக்குள் நுழையும். பெருவட்டப் பாதை எனப்படும் இதுவே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி. 8,020 கி.மீ. என்ற கணக்கும் இந்த நூலின் நீளம்தான். வரைபடத்தில் துருவங்களுக்கு அருகே உள்ள நிலங்கள் அகலமாக இழுக்கப்பட்டிருப்பதால் குறுக்கு வழி நம் கண்ணுக்குச் சுற்று வழியாகத் தெரிகிறது.

ஆனால் நூல் போகும் வழியிலெல்லாம் விமானம் போக முடிவதில்லை. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடி வைத்திருந்தது. 2025 ஏப்ரல் இறுதியில், இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மீண்டும் மூடியது. கருங்கடலுக்கு வடக்கே உள்ள உக்ரைன் வான்வெளியில் 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானம் பறப்பதில்லை. தில்லியிலிருந்து ஐரோப்பா போகும் இந்திய விமானங்களை இத்தகைய தடைகள் மிகவும் வருத்துகின்றன. அவை முதலில் தெற்கே இறங்கி அரபிக் கடலுக்கு வந்து, அதன் பிறகே மேற்கே திரும்ப வேண்டியிருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து கிளம்பும் விமானங்கள் எப்படியும் அரபிக் கடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன என்பதால் நமக்கு அந்த அளவுக்கு நட்டம் இல்லை.

பலரும் கவனிக்காத ஒரு கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து துபாய் 2,930 கி.மீ., துபாயிலிருந்து பாரீஸ் 5,240 கி.மீ., ஆகக் கூடுதல் 8,170 கி.மீ. நேர்வழியைவிட 150 கி.மீ. மட்டுமே அதிகம், அதாவது விமானத்துக்குப் பத்து நிமிட வேலை. தோகா வழியாகப் போனால் 8,255 கி.மீ. ஆகிறது. வளைகுடாவில் இறங்கிப் போவதைத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாக நம்மவர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. தொலைவைப் பொறுத்தவரை அந்தக் குறை நியாயமன்று. நேரத்தைத் தின்பது இறங்குவதும் காத்திருப்பதும் மறுபடி ஏறுவதும்தான். மூடப்படும் வான்வெளியின் தொல்லை அங்கும் உண்டு. 2025 ஜூன் 23 அன்று மாலை கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது, தோகாவில் விமானம் மாற வேண்டியவர்கள் வழியிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் விமான நிலையத்தை வைத்துக்கொண்டு, மீனம்பாக்கம் வரை மூன்று மணி நேரம் காரில் போவது வேதனையாக இருக்கிறது. புதுச்சேரியிலிருந்தே பாரீஸுக்கு விமானம் விட முடியாதா? இங்கிருந்து பெங்களூர் போய் அங்கே மாறினால் நேரம் மிச்சமாகுமா?
(லாஸ்பேட்டை வாசகர்)

பதில்: பாரீஸுக்கு விமானம் விட முடியாது. நமது ஓடுதளத்தின் நீளம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். எழுபது எண்பது பேர் அமரும் ஏடிஆர் விமானத்துக்கு அது போதும். பத்து மணி நேரத்துக்கு மேல் தேவையான எரிபொருளைச் சுமந்துகொண்டு எழும் பெரிய விமானத்துக்கு அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். சென்னையின் முதன்மை ஓடுதளம் மூன்றரைக் கிலோமீட்டருக்கும் சற்று அதிகம்.

பெங்களூர் வழி என்பது யோசிக்கத் தகுந்ததுதான், அங்கிருந்து பாரீஸுக்கு நேரடி விமானமும் இருக்கிறது. ஆனால் லாஸ்பேட்டை முதல் பாரீஸ் வரை ஒரே டிக்கெட்டாக இருக்கிறதா, இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளா என்பதை முதலில் பாருங்கள். ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறொரு விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு டிக்கெட்டுகள் என்றால் அது உங்கள் பாடு. பெட்டிகளையும் பெங்களூரில் எடுத்து, மறுபடி வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாள்களில் சிறிய விமானம் ஒன்று இரண்டு மணி நேரம் தாமதமாவது புதிதல்ல என்பதால், தனித்தனி டிக்கெட் எடுப்பவர்கள் இடையில் ஆறு மணி நேரமாவது விட்டுக்கொள்வது நல்லது. அப்படி விட்ட பிறகு, காரில் மிச்சமான மூன்று மணி நேரம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

நேரத்தைக் கணக்கிடும்போது வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. முத்தியால்பேட்டை வாசகியின் பெற்றோரையே எடுத்துக்கொள்வோம். அதிகாலை 4.00 மணி விமானத்துக்கு இரவு 1.00 மணிக்காவது நிலையத்துக்குள் இருக்க வேண்டும். திண்டிவனம் வழியாகப் போனாலும் மரக்காணம் வழியாகப் போனாலும் சென்னை மூன்று மணி நேரம். செங்கல்பட்டைத் தாண்டியபின் வண்டலூரிலும் பெருங்களத்தூரிலும் வாகனங்கள் நிற்கும் என்பதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கினால் இரவு 9.00 மணிக்கு வீட்டைப் பூட்ட வேண்டும். பாரீஸில் பகல் 1.00 மணிக்கு இறங்கி, கடவுச்சீட்டுச் சோதனை, பெட்டி எடுப்பது எல்லாம் முடிந்து, சார்ல் தெ கோல் நிலையத்திலிருந்து சார்செல் வீட்டை அடையும்போது பிற்பகல் 3.00 ஆகிவிடும், நமக்கு அது இரவு 7.30. ஆக மொத்தம் இருபத்திரண்டரை மணி நேரம். அதில் விமானத்துக்குள் கழிவது 11 மணி 40 நிமிடம், மீதி ஏறத்தாழ பதினொரு மணி நேரம் தரையில் கழிகிறது. விமான நிறுவனங்கள் இருபது நிமிடத்தைக் குறைத்துவிட்டதாக விளம்பரம் செய்யும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். சார்ல் தெ கோல் நிலையம் பாரீஸின் வடகிழக்கே இருப்பதால், வடக்குப் புறநகரான சார்செலில் இருப்பவர்களுக்கு அது பக்கம். நகரின் தெற்கே உள்ள ஓர்லி நிலையத்தில் இறங்கும்படி மலிவாக ஒரு டிக்கெட் கிடைத்தால், ஊரையே குறுக்கே கடக்க வேண்டியிருக்கும் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: விமானம் நாற்பது நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது, ஆனால் குறித்த நேரத்துக்கு இறங்கிவிட்டது. விமானி வேகமாக ஓட்டினாரா?
(திருப்பாதிரிப்புலியூர் வாசகி)

பதில்: பெரும்பாலும் இல்லை. கால அட்டவணையில் போடப்படும் நேரம், வாயிலை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வாயிலில் வந்து நிற்பது வரைக்குமானது. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமிடுவது ஆகியவற்றுக்காக அதில் தாராளமாகவே நேரம் சேர்த்திருப்பார்கள். அன்று அவை தேவைப்படவில்லை, காற்றும் ஒத்துழைத்திருக்கும்.

கேள்வி: அதிகத் தொலைவு போகும் வழி குறைந்த நேரத்தில் போய்ச் சேருவது உண்டா?
(நெய்வேலி வாசகர்)

பதில்: உண்டு. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பெருவட்டப் பாதையில் தொலைவு ஏறத்தாழ 12,380 கி.மீ. ஏர் இந்தியா இந்த வழியில் முதலில் மேற்கு நோக்கி, அட்லாண்டிக் கடலின் மேலாகப் போய்க்கொண்டிருந்தது. அது 13,900 கி.மீ. வழி. 2016 அக்டோபரில் திசையை மாற்றி, கிழக்கே திரும்பிப் பசிபிக் கடலின் மேலாகப் போனார்கள். 15,300 கி.மீ., அதாவது 1,400 கி.மீ. கூடுதல் தொலைவு. ஆயினும் பதினான்கரை மணி நேரத்தில், பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. ஜப்பானுக்கு அப்பால் பசிபிக் கடலின் மேலே ஜெட் காற்றோட்டம் மிக வலிமையானது. அதை எதிர்த்துப் போகாமல் அதோடு சேர்ந்து போனதுதான் காரணம். எரிபொருளும் மிச்சமாயிற்று. தொலைவைப் பார்த்துப் பயண நேரத்தை ஊகிப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: எங்கள் பாட்டனாரின் தமையன் வழியினர் ரீயூனியன் தீவில் இருக்கிறார்கள். அவர்களைப் போய்ப் பார்க்க விரும்புகிறோம். பாரீஸைவிட அது பக்கம் என்கிறார்கள். ஆனால் டிக்கெட் எடுத்துத் தரும் முகவர் பாரீஸ் வழியாகப் போகச் சொல்கிறார். நம்பலாமா?
(வில்லியனூர் வாசகர்)

பதில்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் அந்தத் தீவில் ஏராளமாக இருப்பதால், உங்களைப் போலக் கேட்பவர்கள் இங்கே பலர் உண்டு. சென்னையிலிருந்து ரீயூனியனின் தலைநகரான சாந்தெனி ஏறத்தாழ 4,630 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பாரீஸ் தொலைவில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம், நேரே பறந்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். முகவர் சொல்லும் வழியில் பாரீஸ் வரை 8,020 கி.மீ., அங்கிருந்து ரீயூனியனுக்கு 9,370 கி.மீ., ஆக 17,390 கி.மீ. பறக்க வேண்டும். பாரீஸிலிருந்து தீவு வரை மட்டுமே பதினொரு மணி நேரம் ஆகும். ரீயூனியன் பிரெஞ்சு ஆட்சிப்பகுதி என்பதால் பாரீஸிலிருந்து அங்கே தினமும் பல விமானங்கள் போகின்றன, அதனால்தான் முகவர்களுக்கு அந்த வழி எளிது.

நீங்கள் மொரீசியஸ் வழியாகக் கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து ரீயூனியன் 230 கி.மீ.தான், முக்கால் மணி நேரத்தில் தாண்டிவிடலாம். மும்பையிலிருந்து மொரீசியஸுக்கு விமானம் உண்டு. சென்னையிலிருந்து நேரடி விமானம் இருக்கும் பருவமா என்பதை முகவரிடமே விசாரித்துக்கொள்ளுங்கள். விசா விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. பாரீஸுக்குப் போகும் ஷெங்கன் விசா ரீயூனியனுக்குத் தானாகச் செல்லாது, விண்ணப்பிக்கும்போதே தீவின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். ரீயூனியனில் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது என்பதால், அந்த ஊர்க் கடிகாரம் ஆண்டு முழுவதும் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் மட்டுமே பின்தங்கியிருக்கும்.